எழும்பினால் பிரஷர் இறங்குகிறது, ஆய்வில் சேர வழி எங்கே?

ஆசிரியருக்கு,

விடியப்புறம் கட்டிலால் எழும்பிய அம்மா, கண் இருட்டுது என்று விறாந்தைத் தூணைப் பிடித்தபடி நின்றார். கிளினிக்கில் படுக்கவைத்து ஒருக்கா, எழுப்பி 3 நிமிடத்துக்குள் ஒருக்கா பிரஷர் பார்த்தார்கள். மேல் அளவு 20 குறைந்தாலே, எழும்பும்போது பிரஷர் இறங்கும் நோய்தானாம், அம்மாவுக்கு 34 குறைந்தது. கதிரையில் இருத்தியே பார்த்துவந்தபோது இது பிடிபடவில்லை.

இதற்கான புதிய மருந்துகளைச் சோதிக்கும் கிளினிக்கல் ட்ரயல்களில் நோயாளிகளும் சேரலாம். இலங்கை மருத்துவச் சங்கம் 2006இல் தொடங்கிய பதிவேட்டில் இங்கு நடக்கும் ஆய்வுகளையும் யார் சேரலாம் என்பதையும் பார்க்கலாம். எல்லாம் ஆங்கிலத்தில்! ஆய்வில் சேருவோரில் சிலருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை கிடைக்கலாம், விரும்பியபோது விலகலாம் என்பதையாவது கிளினிக் சுவரில் தமிழில் ஒட்டுவார்களா?

வாசகி,
கோண்டாவில்