மோட்டார் தொங்கும் பலகையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறு படகு மோட்டார்கள் பற்றிய உங்கள் கட்டுரை படித்தேன். குதிரைத்திறனைப் பற்றி அவ்வளவு எழுதியவர், அந்த மோட்டார் தொங்கும் பின்பலகையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே!

இங்கே மொரிஷியஸில், மாஹேபூர் பக்கம், பவளத்திட்டுக்கு உள்ளேயே மீன் பிடித்தவர்கள் பலர் இப்போது சூரைக்கும் டோராடு மீனுக்கும், மீன்களைக் கூட்ட வெளிக்கடலில் கட்டியிருக்கும் மிதவைகள் வரை போகிறார்கள், அதனால் பெரிய மோட்டார், அதைத் தாங்கும் புது பிராக்கெட், அதை ஏற்றி இறக்கும் ஜாக் பிளேட் என்று கடைக்காரர் எதைக் காட்டினாலும் வாங்கத் தோன்றுகிறது. 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் 40 கிலோவை ஒட்டி இருக்கும், அதே சக்தியில் ஃபோர் ஸ்ட்ரோக் எடுத்தால் 50 கிலோவை ஒட்டிப் போய்விடும். ஜாக் பிளேட் மோட்டாரைச் சில அங்குலம் பின்னால் வேறு தள்ளுகிறது. தள்ளத் தள்ள, அலையில் படகு குதிக்கும் ஒவ்வொரு முறையும் பலகையை நெம்பும்.

ஆகவே முதலில் சுத்தியலை எடுத்துப் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள். நல்ல மரம் டக் டக்கென்று கெட்டியாகக் கேட்கும், உளுத்தது மொத்தென்று கேட்கும். சந்தேகமாக இருந்தால் கீழ் போல்ட் ஒன்றைக் கழற்றுங்கள். துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்தால், மேலே ஃபைபர் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி, உள்ளே பிளைவுட் போய்விட்டது. அதில் எந்த பிராக்கெட்டைப் பூட்டியும் பயனில்லை, பலகையைத்தான் மாற்ற வேண்டும்.

பலகை நன்றாக இருக்கிறதா, சரி, அப்புறம் உயரம். மோட்டாரிலிருந்து கீழே இறங்கும் ஷாஃப்ட்டின் நீளம் பொதுவாக 15 அங்குலம், 20 அங்குலம் என்று வரும். புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டு படகின் அடிப்பாகத்துக்கு நேராகவோ ஓர் அங்குலம் கீழேயோ நிற்க வேண்டும். மேலே போனால் அலையில் காற்றை இழுத்துக்கொண்டு மோட்டார் வீணாக அலறும், ரொம்பக் கீழே போனால் தண்ணீரை உழுதுகொண்டு பெட்ரோலைக் குடிக்கும். கிளாம்ப் (திருகி இறுக்கும் பிடி) போட்ட சின்ன மோட்டார் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் பின்பலகையின் மேல் விளிம்பில் கெட்டி மரச்சட்டம் ஒன்றை வைத்தாலே உயர்ந்துவிடும். இதற்கு ஜாக் பிளேட் விற்பது வியாபாரம், வேறென்ன!

போல்ட், உப்புத்தண்ணீரைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். உள்பக்கம் சின்ன வாஷர் போதாது, பளுவைப் பரப்பும் தகடு வேண்டும். துளையை அடைக்க பாலியூரித்தேன் சீலன்ட் போடுங்கள், குளியலறை சிலிக்கான் வேண்டாம். கிளாம்ப் திருகுகள் அதிர்வில் தளரும் என்பதால் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் இறுக்கிப் பார்க்க வேண்டும். கூடவே மோட்டாரைப் படகோடு பிணைக்க ஒரு சங்கிலி போடுங்கள். பாதி இற்றுப்போன நைலான் கயிற்றைக் கட்டிவிட்டுப் பவளத்திட்டின் வாய்க்கால் வழியே வெளியே போகிறவர்களை இன்னும் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மாஹேபூர், மொரிஷியஸ்