ஸ்லாஷர் அனுப்பும் முன் நிலத்தை நடந்து பார்ப்பது ஏன்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

ஐப்பசி மழைக்கு முன் தரிசைத் திருத்திவிட வேண்டும் என்று மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்தெல்லாம் ஸ்லாஷர் (டிராக்டரில் மாட்டிப் புதர் வெட்டும் சுழல் கத்திக் கருவி) கேட்டு வருகிறீர்கள். "வாடகைக்கு வண்டி கேட்டால் முதலில் நிலத்தைக் காட்டச் சொல்கிறீர்களே" என்று சிலருக்கு வருத்தம். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

ஸ்லாஷர் டிராக்டருக்குப் பின்னால் இருக்கிறது. வெட்டாத புதருக்குள் முதலில் நுழைவது டிராக்டரும் அதன் டிரைவரும்தான். சீமைக்கருவேலம் ஆளுயரம் மண்டிய இடத்தில் அவருக்குத் தரையே தெரியாது. நம் பக்கத்துத் தரிசுகளில் நாங்கள் அதிகம் பயப்படுவது மொட்டைக் கிணற்றுக்கு. சுவர் கிடையாது, விளிம்பு மண் இளகியிருக்கும், மேலே கொடி மூடியிருக்கும். நிலத்தை அண்மையில் வாங்கியவருக்குக் கிணறு இருப்பதே தெரியாமல் போகலாம்; அங்கே ஆடு மேய்ப்பவருக்குத் தெரியும். அப்படி ஒருவரைக் கூட்டிக்கொண்டு நடந்து, கிணற்றைச் சுற்றித் தள்ளிக் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டிய பிறகே வண்டியை இறக்குவோம். அந்த வட்டத்துக்குள் அரிவாள்தான்.

சொந்தமாகப் பழைய சிங்கிள் கிளட்ச் டிராக்டர் (சக்கரத்துக்கும் பின்னால் மாட்டிய கருவிக்கும் ஒரே கிளட்ச்) வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. கிளட்சை மிதித்தாலும் ஸ்லாஷர் கத்தி உடனே நிற்காது. சுற்றுகிற வேகத்தில் அதுவே பி.டி.ஓ. (இன்ஜின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுக்கும் தண்டு) வழியாகக் கியரைத் திருப்பி வண்டியை முன்னே தள்ளும். வரப்போரத்திலும் கிணற்றோரத்திலும் நாலடி தள்ளினாலே போதும், வண்டி கவிழ்ந்துவிடும். கத்தியின் சுழற்சி திரும்ப டிராக்டருக்கு வராமல் தடுக்கும் ஓவர் ரன்னிங் கிளட்சை பி.டி.ஓ. ஷாஃப்டில் மாட்டாமல் ஓட்டாதீர்கள். கடைக்கு வந்தால் எப்படி மாட்டுவது என்று காட்டுகிறோம்.

கீழவளவு மாதிரி குவாரி இருக்கிற பக்கம் புல்லுக்குள் கல் சில்லு கிடக்கும். பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று. பெரும்பாலான ஸ்லாஷர்களில் கத்தி அதைவிட வேகம். அடிபட்ட கல் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 100 மீட்டருக்குள் ஆள், ஆடு, குழந்தை யாரும் நிற்கக் கூடாது. ஸ்லாஷரின் முன்னும் பின்னும் தொங்கும் சங்கிலிகள் கல்லைத் தடுப்பதற்கு. இடைஞ்சல் என்று கழற்றாதீர்கள். பழைய முள்வேலிக் கம்பி கிடந்தால் முதலிலேயே சுருட்டி எடுத்துவிடுங்கள். கத்தியில் சுற்றினால், இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, கத்தி முழுக்க நின்ற பிறகே கையை வைக்க வேண்டும். ஷியர் போல்ட் (கத்தி எதிலாவது மோதினால் தானே ஒடிந்து கியர் பாக்ஸைக் காப்பது) ஒடிந்தால் அதே ரகத்தை மாட்டுங்கள். கெட்டியான போல்ட் போட்டால் அடுத்து உடைவது கியர் பாக்ஸ்.

நாகமலை, அழகர்மலை அடிவாரச் சரிவில் குறுக்கே ஓட்ட எங்கள் டிரைவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். அவர்களை வற்புறுத்த வேண்டாம். பின்னால் கனம் இருப்பதால் ஏறும்போது முன்சக்கரம் தூக்கும். அதனால் முன்னால் எடைக்கட்டை மாட்டி, பி.டி.ஓ.வை நிறுத்தி, வெட்டிய தடத்திலேயே ரிவர்ஸில் ஏறி, சின்ன கியரில் வெட்டிக்கொண்டு நேராக இறங்குவார்கள். இடது, வலது பிரேக் மிதிகள் இரண்டையும் ஒன்றாக இணைத்திருப்பார்கள். நேரம் பிடிக்கும், டீசலும் கூடும். ஆனாலும் இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

மட்கார்டில் யாரையும் ஏற்ற மாட்டோம், அது நில உரிமையாளரே ஆனாலும். சொந்த வண்டி ஓட்டுகிறவர்கள் வேட்டி, தோள் துண்டோடு ஷாஃப்ட் பக்கம் போக வேண்டாம்.

தூர் இரண்டு விரல் கனத்துக்கு மேல் இருந்தால் எங்களிடம் உள்ள ஸ்லாஷர் தாங்காது. ஜே.சி.பி. வைத்து வேரோடு எடுத்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். நிலம் பார்க்க வருவதற்குக் கட்டணம் இல்லை. முதல் நாளே சொல்லிவிட்டால் காலை வெயில் ஏறுமுன் வந்துவிடுவோம். இடம் தெரிந்த ஒருவரை மட்டும் வரச்சொல்லி வையுங்கள்.