குளிக்க ஏற்ற கடற்கரை என்று எழுதியவர் எந்த மாதத்தில் வந்தார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் கோடை விடுமுறைச் சிறப்பிணைப்பில் குமரி மாவட்டக் கடற்கரைகளைப் பற்றி வெளியான பயணக் கட்டுரையைப் படித்தேன். சொத்தவிளை தொடங்கித் தேங்காப்பட்டணம் வரையுள்ள மணற்கரைகளை வரிசையாகக் குறிப்பிட்டுவிட்டு, "கூட்டமே இல்லாத இடங்கள், குடும்பத்தோடு இறங்கிக் குளிக்க ஏற்றவை" என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. நான் இந்தக் கரையில் பிறந்து, இங்குள்ள பள்ளியிலேயே ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். என் தந்தை கட்டுமரத்தில் தொழில் செய்தவர். கடலோடு வாழ்நாளெல்லாம் பழகிய அவரே சித்திரை, வைகாசி மாதங்களில் எங்களை அலைவாய்க்கரையில் இறங்கி விளையாட விட்டதில்லை.

2024ஆம் ஆண்டு மே 6ஆம் தேதி கணபதிபுரம் அருகேயுள்ள லெமூர் கடற்கரையில் என்ன நடந்தது என்பதைத் தங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நாகர்கோவிலில் ஒரு திருமணத்துக்கு வந்த இளம் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அந்த அலையில் மாண்டுபோனார்கள். தங்கள் இதழும் அச்செய்தியைப் படங்களுடன் வெளியிட்டது. கள்ளக்கடல், அதாவது அறிகுறியின்றித் திடீரென ஏறும் பேரலை, எழும்பும் என்று ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் முன்கூட்டியே எச்சரித்திருந்ததும் அதே செய்தியில் இருந்தது. அதே கரையைத்தான் இப்போது அதே விடுமுறைக் காலத்தில் குடும்பத்தோடு குளிக்க ஏற்ற இடம் என்று தங்கள் இணைப்பு பரிந்துரைக்கிறது. செய்திப் பக்கத்தைத் தயாரிப்பவரும் சுற்றுலாப் பக்கத்தைத் தயாரிப்பவரும் ஒரே அலுவலகத்தில்தானே இருக்கிறார்கள்?

வெளியூர்க்காரர்கள் கடலின் ஆபத்தை மழையோடும் காற்றோடும் சேர்த்தே நினைக்கிறார்கள். கள்ளக்கடலுக்கு அவை வேண்டியதில்லை. தென்கோடியில், பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பெருங்கடலில் அடித்த புயல் எழுப்பும் அலை, நாட்கணக்கில் ஓடி வந்து எங்கள் கரையில் ஏறும். அன்று இங்கே வானம் தெளிந்திருக்கும், காற்றும் இருக்காது. காலையில் நின்ற இடத்தில் மாலையில் நிற்க முடியாது. ஏப்ரல், மே மாதங்களில் இது பெரும்பாலும் வருகிறது. பள்ளி விடுமுறையும் அப்போதுதான் வருகிறது. அதைத் தொடர்ந்து தென்மேற்குப் பருவக்காற்றின் கடல். ஆனி, ஆடியில் மேற்குக் கரை முழுவதும் மணலை அலை அரித்துக்கொண்டு போய்விடுவதால் கரை செங்குத்தாகச் சரிந்து நிற்கும். நாலு எட்டு வைப்பதற்குள் கழுத்தளவு நீர் வந்துவிடும். அதற்கு மேல் நீவாடு என்னும் கடல் நீரோட்டம் இழுக்கத் தொடங்கினால் நீச்சல் தெரிந்தவனுக்கும் கரை எட்டாது.

கட்டுரையாளர் கவனிக்கத் தவறிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடல் சீற்றமாக இருக்கும் நாட்களில் கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குச் செல்லும் படகுகளை நிறுத்திவிடுகிறார்கள். படகுக்காக வரிசையில் நின்று ஏமாந்தவர்கள், மிஞ்சிய பகல் பொழுதை வீணாக்க மனமில்லாமல், வாடகை வண்டிக்காரரிடம் கேட்டுக்கொண்டு மேற்கே வருகிறார்கள். படகையே விடமுடியாத அதே கடலில், காவலும் கயிறும் இல்லாத இடத்தில், குழந்தைகளை இறக்குகிறார்கள். கன்னியாகுமரியில் தடுப்பதற்கு ஆள் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பல கரைகளில் துருப்பிடித்த ஓர் எச்சரிக்கைப் பலகை மட்டுமே இருக்கிறது, சில இடங்களில் அதுவும் இல்லை.

நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாத மாலையில், எங்கள் ஊர்க் கரையில் வெளியூர்க் குடும்பம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. தகப்பனார் சின்னப் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டியபடி, மனைவி படம் எடுப்பதற்காகச் சிரித்துக்கொண்டிருந்தார். அங்கே போகாதீர்கள் என்று நாங்கள் சத்தம் போட்டதைத் தங்களை விரட்டுவதாக எண்ணிக்கொண்டார்கள் போலும், அந்த அம்மாள் எங்களை முறைத்துப் பார்த்தார். அடுத்த அலை தகப்பனாரின் முழங்காலுக்குப் பின்னால் அடித்தது. காலடி மணல் உருவிப் போக, மனிதர் குழந்தையோடு சாய்ந்துவிட்டார். கரைமடி இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். ஒருவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாய்ந்து குழந்தையின் சட்டையைப் பிடித்தார், மற்றவர்கள் கயிற்றை இழுத்தார்கள். அந்தச் சட்டை கிழிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அன்று அவர்களுக்கு மடி போயிற்று, மீனும் போயிற்று. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்படிப்பட்ட மனிதர்கள் நாள்தோறும் தொழில் செய்யும் கரையைத்தான் தங்கள் கட்டுரை "கூட்டமே இல்லாத இடம்" என்கிறது. விடியலில் வள்ளம் கரையேறுவதும், பெண்கள் ஏலத்தில் மீனெடுத்துச் சந்தைக்கு ஓடுவதும், மணலில் நெத்திலி காய்வதும், வலை பொத்துவதும் கட்டுரையாளர் கண்ணில் படவில்லையா, அல்லது நாங்கள் மனிதர் கணக்கில் சேரமாட்டோமா? இது முதல் முறையும் அன்று. முன்பொரு விடுமுறை இணைப்பில், மீன் வாடை பிடிக்காதவர்கள் எங்கள் ஊர்களைத் தவிர்த்துச் செல்ல வழி சொல்லியிருந்தீர்கள். அப்போதே எழுதினேன், வெளியாகவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்து, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை வீடுகளில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல் பெண்கள் இரவும் பகலும் கரையில் உட்கார்ந்திருந்த அந்த டிசம்பரில், குமரியின் சூரிய உதயத்தைக் காண வருமாறு வண்ணப்படத்துடன் ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது ஏற்பட்ட வலி இன்னும் போகவில்லை.

இப்போதைய கட்டுரையிலும் மணக்குடிப் பாலத்தில் நின்று படமெடுக்கச் சொல்கிறார்கள். அங்கிருந்த பழைய பாலத்தை 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி பெயர்த்துப் போட்டதும், மணக்குடி, கொட்டில்பாடு, குளச்சல் ஆகிய ஊர்களில் குடும்பம் குடும்பமாகப் புதைத்ததும் ஒரு வரி பெறவில்லை. விடுமுறைக்கு வருபவர்களிடம் சாவைப் பற்றிப் பேசக்கூடாது என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. பேசியிருந்தால் அவர்கள் இந்தக் கடலைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்திருப்பார்கள்.

வரவேண்டாம் என்று நான் யாரையும் சொல்லவில்லை. வருகிறவர்களால் பிழைக்கும் குடும்பங்கள் எங்கள் ஊரிலும் உண்டு. பார்ப்பதற்கும் இங்கே குறைவில்லை. முட்டத்தில் பாறைமேல் நின்று கலங்கரை விளக்கத்தையும் மாலைக் கடலையும் நாள் முழுதும் பார்க்கலாம். 1741இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததன் நினைவுத்தூண் குளச்சலில் நிற்கிறது. அப்போரில் பிடிபட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டச்சு அதிகாரி டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அங்கிருந்து சற்றுத் தொலைவில் பத்மநாபபுரம் அரண்மனை. வட்டக்கோட்டை மதிலில் ஏறினால் கடலைப் பத்திரமாகவே பார்க்கலாம். இவற்றில் எதையும் சொல்லாமல், குமரிக்கு ஒரு நாள் போதும், மிச்ச நேரத்தில் குளியுங்கள் என்று எழுதியதுதான் பொறுக்க முடியவில்லை. குளிக்க வருகிறவர்களுக்கு உடை மாற்ற ஒரு மறைப்போ, பெண்களுக்கு ஒரு கழிப்பறையோ பெரும்பாலான கரைகளில் கிடையாது என்பதையும் கட்டுரையாளர் எழுதவில்லை. மணலில் அவர்கள் விட்டுப்போகும் உடைந்த புட்டிகளின்மேல் மறுநாள் வெறுங்காலோடு மடி இழுப்பவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் என்பதைச் சொல்லியிருந்தால் மிகவும் நன்றியுடையவனாக இருந்திருப்பேன்.

தங்களிடம் நான் கேட்பது சிறியது. அடுத்த இதழில், அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், "குளிக்க ஏற்றவை" என்ற வரி தவறு என்று ஒரு திருத்தம் போடுங்கள். அதன் கீழே ஒரு சிறு கட்டத்துக்குள் மூன்றே விவரங்கள் போதும்: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை குமரியின் மேற்குக் கடற்கரைகளில் நீரில் இறங்கக்கூடாது; புறப்படுமுன் அன்றைய கடல் எச்சரிக்கையைப் பார்க்க வேண்டும்; கரையில் நிற்கும் மீனவர் வேண்டாம் என்றால் கேட்க வேண்டும். விடுமுறை முடிய இன்னும் சில வாரங்கள் இருப்பதால், தாமதிக்காமல் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இக்கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால் என் வருத்தங்களை நீக்கிவிடுங்கள். அந்த மூன்று விவரங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
முட்டம் அருகேயுள்ள கடலோரக் கிராமம்,
கன்னியாகுமரி மாவட்டம்.