மறுநாள் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில்தான் எழுத உட்கார்ந்தேன். நாலு வரி அடிப்பதற்குள் உன் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று வந்துவிட்டது. அதற்கு மேல் கை ஓடவில்லை. அதனால் பேப்பரும் பேனாவும். கையெழுத்து முன்பு போல இல்லை, பொறுத்துக்கொள்.

அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போய் வந்தேன், அதைக் கடைசியில் எழுதுகிறேன். அக்கா வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனாள். சின்னவள் இப்போது எதற்கெடுத்தாலும் 'ஏன்' என்கிறாள். அந்த வயதில் நீ கேட்டது போலவே இருக்கிறது.

நீ சரியாகத் தூங்குகிறாயா?

நீ எழுதுவதை நான் படிக்கிறேன். உன் பக்கம் பூட்டியில்லை, திறந்தால் தெரிகிறது. போன செவ்வாய்க்கிழமை ராத்திரி 11:20-க்கு ஆரம்பித்தாய். ரஸ்ட், சி என்கிற இரண்டு நிரல் மொழிகளில் எது மேல் என்று ஒரு சண்டை. கடைசிப் பதில் போட்டது 3:47-க்கு. எண்ணிப் பார்த்தேன், 34 பதில். எதிரில் இருந்த ஆளுக்குப் பெயர் இல்லை, முகம் இல்லை, ஒரு பூனைப் படம் மட்டும். மறுநாள் காலையில் அம்மா உனக்கு 'எப்படி இருக்கே' என்று அனுப்பினாள். 'டைப்பிங்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது, மறுபடி நின்றது. கடைசியில் ஒரு கட்டைவிரல் வந்தது. அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

குறை சொல்ல எழுதவில்லை. சரி, இது குறைதான்.

ஆனால் அந்த 34-ல் ஒன்பதாவது பதில் இருக்கிறதே, அதை நான் இரண்டு தடவை படித்தேன். ஒரு நிரல் விடுவித்துவிட்ட கணினி நினைவகத்தை மறுபடி தொடுவது ஏன் ஆபத்து என்று எழுதியிருந்தாய். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, கள்ளச் சாவியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, வேறு குடும்பம் குடிவந்த பிறகும் உள்ளே போய்ப் பொருளை எடுப்பது மாதிரி என்றாய். தாங்கள் அடைக்கிற பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகப் பிழைகள்தான் என்று மைக்ரோசாஃப்ட் 2019-ல் சொன்னதையும் சேர்த்திருந்தாய். முப்பது வருஷம் சர்வர்களோடு மாரடித்தவன் நான், எனக்கு இவ்வளவு எளிதாகச் சொல்ல வந்ததில்லை. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவளுக்கே புரிந்தது.

அதற்குக் கீழே ஒரு பிள்ளை, படிக்கிற பிள்ளை போல, 'அண்ணா, இப்போதுதான் புரிந்தது, நன்றி' என்று எழுதியிருந்தது. பார்த்தாயா? அதற்கு நீ பதில் போடவில்லை தம்பி. பூனைக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தாய்.

இருபதாவது பதிலுக்கு மேல் ரஸ்ட்டும் இல்லை, சி-யும் இல்லை. அவன் உன் வேலையைக் கேலி செய்தான், நீ அவன் எழுத்துப்பிழையைப் பிடித்தாய். 'முதலில் போய் எழுதப் படிக்கக் கத்துக்கொண்டு வா' என்றாய். இது எங்கே கேட்ட வார்த்தை என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டு விஷயத்தில் பெரியப்பாவிடம் நான் சொன்னது. நீ அப்போது கதவோரம் நின்றாய்.

வெள்ளிக்கிழமை தேர்தல் பற்றி. ஞாயிற்றுக்கிழமை அந்த சூப்பர் ஹீரோ படம் பற்றி. அந்தப் படம் உனக்கே பிடிக்கவில்லை என்று அக்காவிடம் சொன்னாயாம். அப்புறம் யாருக்காக ராத்திரி இரண்டு மணி வரைக்கும் அப்படி அடித்துக்கொண்டாய்?

தூங்கப் போகும்போது போனை வேறு அறையில் வை. நான் முன்பும் சொன்னேன், நீ கேட்கவில்லை, மறுபடி சொல்கிறேன்.

இதைப் பற்றி நானும் கொஞ்சம் தேடிப் படித்தேன். 2017-ல் வந்த ஒரு ஆய்வு. துப்பாக்கிக் கட்டுப்பாடு, ஒருபாலினத் திருமணம், பருவநிலை ஆகியவை பற்றி ட்விட்டரில் வந்த ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 'வெட்கக்கேடு', 'அயோக்கியத்தனம்' என்பது போல, நியாய அநியாயமும் ஆத்திரமும் கலந்த வார்த்தை ஒன்று கூடினால் அந்தப் பதிவு பரவுவது சுமார் 20 சதவீதம் கூடுகிறதாம். உன் ஒன்பதாவது பதிலுக்கு மூன்று பேர்தான் விருப்பம் போட்டிருந்தார்கள். எழுதப் படிக்கச் சொன்ன பதிலுக்கு இருநூறுக்கு மேல். அந்த இருநூறு பேரில் ஒருவனுக்காவது நீ ராத்திரி தூங்கினாயா என்கிற கவலை இருக்குமா?

2005-ல் இன்னொன்று செய்து பார்த்திருக்கிறார்கள். கிண்டலாகவும் நிஜமாகவும் சில வாக்கியங்களைச் சொல்லவைத்து, கேட்பவருக்கு எது எது என்று தெரிகிறதா என்று பார்த்தார்கள். குரலில் கேட்டவர்கள் முக்கால்வாசி சரியாகச் சொன்னார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பாதி வருமே. ஆனால் எழுதினவர்கள் எல்லாம் தங்கள் தொனி நன்றாகவே போய்ச் சேரும் என்று நம்பியிருந்தார்கள். நீ அம்மாவுக்கு அனுப்பிய கட்டைவிரலை என்ன தொனியில் அனுப்பினாய் என்று எனக்குத் தெரியவில்லை.

டானன்பாம், லைனஸ் கதையை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! பள்ளிக்கு வண்டியில் போகும்போதெல்லாம் கேட்பாய். மினிக்ஸ் டானன்பாம் எழுதிய இயங்குதளம், லினக்ஸ் லைனஸ் எழுதியது. 1992 ஜனவரி 29, இணையத்தில் மினிக்ஸ் செய்திக் குழுவில் ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம், 'லினக்ஸ் காலாவதியானது' என்று தலைப்புப் போட்டு எழுதினார். எல்லாவற்றையும் ஒரே கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிக்குள், திணிக்கிற அமைப்பு பழைய காலத்துச் சரக்கு, இனி அந்த மையத்தைச் சின்னதாக வைக்கிற மைக்ரோகெர்னல்தான் என்றார். நீ என் மாணவனாக இருந்தால் இந்த வடிவமைப்புக்கு நல்ல மதிப்பெண் கிடைக்காது என்றும் பின்னால் எழுதினார். ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸுக்கு அப்போது 22 வயது. விடவில்லை, வாங்கு வாங்கு என்று வாங்கினார். நீ கைதட்டுவாய். நானும் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

மறுநாள் நடந்ததை நான் உனக்குச் சொன்னதே இல்லை. மறுநாள் லைனஸ் அதே குழுவில், அத்தனை பேர் பார்க்க, மன்னிப்புக் கேட்டார். நாகரிகத்தைப் பற்றி யோசிக்காமல் எழுதிவிட்டேன், அளவு மீறிவிட்டேன் என்று எழுதினார். 'இப்படிச் செய்யக் கூடாது' என்று நட்பாக ஒருவர் கடிதம் போட்டாராம், அவருக்கு நன்றி சொன்னார். டானன்பாமுக்குத் தனியாக, சூடு குறைந்த கடிதம் ஒன்று எழுதிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்.

2004-ல் லினக்ஸை லைனஸ் சொந்தமாக எழுதியிருக்க முடியாது என்று ஒருவர் கிளப்பிவிட்டபோது, இல்லை, அவரேதான் எழுதினார் என்று பகிரங்கமாக எழுதியவர் அதே டானன்பாம். கெர்னல் விஷயத்தில் இரண்டு பேரும் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இன்று உன் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் லினக்ஸ் ஓடுகிறது. இன்டெல் சிப்புகளுக்குள் மினிக்ஸ் ஓடுவது 2017-ல் வெளியே தெரிந்தது. லைனஸும் அதோடு திருந்திவிட்டார் என்று சொல்ல மாட்டேன். அவருடைய கடுமையான மின்னஞ்சல்கள் பிறகும் பல வருஷம் வந்தன. 2018 செப்டம்பரில்தான் அதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டு, மற்றவர்கள் மனதைப் புரிந்துகொள்ள உதவி தேடப் போகிறேன் என்று சொல்லி வேலையிலிருந்து கொஞ்ச நாள் ஒதுங்கினார்.

இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். மடக்கின பாதியை மட்டும்தான் உனக்குச் சொன்னேன். எனக்குப் பிடித்தது அந்தப் பாதி.

புளூட்டோ விஷயம் ஞாபகம் இருக்கிறதா? 2006 ஆகஸ்ட். நீ பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாய். 'அப்பா, இனிமே கிரகம் எட்டுதான்.' மாமாவும் மற்றவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது என்று அப்போதுதான் நான் ஏதோ சொல்லியிருந்தேன். 'பெரியவங்க பேசும்போது குறுக்கே வராதே, நான் படிச்ச காலத்திலிருந்து ஒன்பதுதான்' என்று அதட்டினேன். நீ பேப்பரை மடித்து, மடித்து, சின்னதாக ஆக்கிக்கொண்டு உள்ளே போனாய். ராத்திரி அந்தப் பேப்பரைத் தேடி எடுத்துப் படித்தேன். சர்வதேச வானியல் ஒன்றியம் ஓட்டெடுப்பு நடத்தி முடிவு செய்திருந்தது. உன்னிடம் வந்து சொல்லவில்லை. நீ தூங்கிவிட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் நீ விழித்துத்தானே இருந்தாய்.

இப்போது நம் சொந்தக்காரர்கள் குழு விஷயம். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், ரஸ்ட்டைப் பற்றி எழுதியே இரண்டு பக்கம் போய்விட்டது.

நான் அனுப்பிய கூட்டப் படம் ஆறு வருஷம் பழையது, வேறு எங்கோ எடுத்தது என்று நீ எழுதினாய். மரியாதையாகத்தான் எழுதினாய். 'அப்பா, ஒரு தடவை படத்தை வைத்துத் தேடிப் பாருங்கள்' என்றுதான் இருந்தது. நான் 'படித்த திமிர்' என்றேன். சொந்தக்காரர்கள் 23 பேர் பார்க்க. நீ வெளியேறிவிட்டாய். ஐந்து மாதம் ஆகிறது.

அன்று ராத்திரியே தேடிப் பார்த்தேன் தம்பி. முதல் வரிசையிலேயே வந்தது. அதே படம். இடது ஓரத்தில் விளக்குக் கம்பத்தில் மஞ்சள் சட்டை போட்ட பையன் ஒருவன் தொற்றிக்கொண்டிருந்தான் இல்லையா, அதே பையன். கீழே பழைய தேதி. பெரிதாக்கி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா வந்து 'அவன் சொன்னது சரிதானா?' என்று கேட்டாள். 'விடு' என்றேன். ஐந்து மாதமாக அவள் கேட்கும்போதெல்லாம் 'விடு' என்றுதான் சொல்கிறேன்.

நீ சொன்னது சரி. அந்த ராத்திரியே எனக்குத் தெரியும்.

நான் சொன்னது தப்பு என்று இந்த வீட்டில் நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நீ ஊர் பேர் தெரியாத ஆட்களிடம் விடிய விடிய மல்லுக்கு நிற்பதைப் பார்க்கும்போது, நான் உன்னிடம் ஒரு தடவையாவது 'ஆமாம்டா' என்று சொல்லியிருந்தால் நீ இவ்வளவு தேட மாட்டாயோ என்று தோன்றுகிறது. அது சரியா என்று தெரியாது. என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

நாளைக் காலையில் குழுவில் எழுதப்போகிறேன். நீ அங்கே இல்லை என்று தெரியும். அவர்கள் முன்னால்தான் உன்னை அப்படிச் சொன்னேன், அவர்கள் முன்னால்தான் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று வரி எழுதி வைத்திருக்கிறேன். படம் பழையது. தம்பி சொன்னது சரி. நான் பேசியது தப்பு. அம்மாவிடம் காட்டினேன். நான்காவதாக 'ஆனாலும்' என்று ஒரு வரி ஆரம்பித்திருந்தேன், பேனாவை வாங்கி அவளே அதை அடித்துவிட்டாள்.

நீ திரும்பி வர வேண்டும் என்று கேட்கவில்லை. அந்தப் படிக்கிற பிள்ளைக்கு மட்டும் ஒரு வரி பதில் போடு.

அம்மாவுக்கு இடது கண்ணில் புரை. அடுத்த மாதம் 14-ம் தேதி ஆபரேஷன் என்று குறித்திருக்கிறார்கள். சின்ன விஷயம்தான், அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம் என்கிறார்கள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள். சொல்லிவிட்டேன்.

போனை வேறு அறையில் வைத்துவிட்டுத் தூங்கு.

அப்பா