'ஹார்ட்லி' என்றால் 'கடினமாக' அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாணவர் பக்கத்தில், 'ஹார்ட்' என்பதோடு 'லி' சேர்த்தால் 'கடினமாக' என்ற பொருளில் 'ஹார்ட்லி' வரும் என்று போட்டிருந்தீர்கள். இது தவறு. முப்பது வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் நான். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

தமிழில் வேகம் என்பதோடு 'ஆக' சேர்த்தால் வேகமாக. ஆங்கிலத்திலும் 'ஸ்லோ' என்பது 'ஸ்லோலி' ஆகிறது. அதே பழக்கத்தில்தான் இதையும் எழுதிவிடுகிறோம். ஆனால் 'ஹார்ட்' என்ற சொல் அப்படியே வினையடையாகவும் நிற்கும். கடுமையாக உழைக்கிறேன் என்பதற்கு 'ஐ வொர்க் ஹார்ட்' போதும். 'ஐ ஹார்ட்லி வொர்க்' என்றால் வேலையே செய்வதில்லை என்கிற மாதிரி ஆகிவிடும். என்னிடம் படித்த ஒரு பெண் தன் வேலை விண்ணப்பத்தில் 'ஐ வொர்க் ஹார்ட்லி' என்று எழுதியிருந்தாள். நல்லவேளை, அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினாள்.

இந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு 'இல்லை' இருக்கிறது. 'நீங்கள் பேசுவது சரியாகக் கேட்கவே இல்லை' என்று நாம் மறுப்பை வினையில் வைக்கிறோம். ஆங்கிலத்தில் 'ஐ கேன் ஹார்ட்லி ஹியர் யூ'. வினையில் மறுப்பே கிடையாது, அதையும் 'ஹார்ட்லி'யே சுமக்கிறது. அதனால்தான் 'கான்ட் ஹார்ட்லி' என்று எழுதக்கூடாது. கொஸ்டின் டேக்கில், அதாவது வாக்கியத்தின் கடைசியில் 'இல்லையா?' என்பதுபோல் ஒட்டிக்கொள்ளும் கேள்வியில், பிள்ளைகள் மார்க்கைக் கோட்டை விடுவதும் இங்கேதான். 'ஹி ஹார்ட்லி ஸ்பீக்ஸ்' என்று வந்தால் அடுத்து 'டஸ் ஹி?' என்றுதான் வர வேண்டும், 'டஸன்ட் ஹி?' அல்ல.

இத்தனைக்கும் சரியான பொருள் நம் வாயிலேயே இருக்கிறது. 'பஸ் ஸ்டாண்டு ஹார்ட்லி பத்து நிமிஷம்தான்' என்கிறோமே, அப்போது யாருக்காவது 'கடினமாக' என்று தோன்றுகிறதா? மிஞ்சிப்போனால் பத்து நிமிஷம், அவ்வளவுதான். வகுப்பில் நான் எப்போதும் இந்த வாக்கியத்திலிருந்துதான் தொடங்குவேன்.

அடுத்த இதழிலேயே திருத்தம் போடுங்கள். அப்புறம், முடிந்தால் 'லேட்லி', 'நியர்லி' இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னது 'தாமதமாக' அல்ல, 'அண்மைக்காலமாக'. பின்னது 'அருகில்' அல்ல, 'ஏறக்குறைய'. உங்கள் மாணவர் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டிவைத்துப் படிக்கிற பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
கும்பகோணம்.