காவல் நிலைய வாசல் கேமராப் பதிவைக் கேட்டு ஐந்தாம் முறையாகக் கோரிக்கை மனு

அனுப்புநர்
இறந்தவரின் அக்காள், தையல் தொழில் (பெயரும் முகவரியும் முந்தைய நான்கு மனுக்களிலும் உள்ளன)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்

பொருள்: என்கவுன்டரில் என் தம்பி இறந்தது – காவல் நிலைய வாசல் கேமராப் பதிவை அழியுமுன் கைப்பற்றக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் நான் நேரில் கொடுத்த நான்கு மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்களுடைய வேலைப்பளு எனக்குத் தெரியும். வரிசையில் நான்கு முறை நின்று பார்த்தவள் நான். ஆனாலும் கீழ்க்கண்டவற்றைத் தயவுகூர்ந்து முழுவதும் படிக்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

1. கடந்த கார்த்திகை மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை, பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் இருந்த என் தம்பியைச் சாதாரண உடையில் வந்த போலீசார் அழைத்துச் சென்றனர். மறுநாள் காலை அவன் இறந்த செய்தியைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம்.

2. போலீசார் பத்திரிகைகளுக்குக் கொடுத்த செய்தியில், அவன் பல நாட்களாகத் தலைமறைவாக இருந்ததாகவும், பெரிய கண்மாய்க்குள் கருவேலங்காட்டில் பதுங்கியிருந்தவனைச் சுற்றி வளைத்தபோது அரிவாளால் வெட்ட வந்ததாகவும், தற்காப்புக்காகச் சுட்டதாகவும் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கண்மாயைத் தாங்கள் அறிவீர்கள். அதே வாரம் மறுகால் பாய்கிறது என்று தாங்களே வந்து கலுங்கைப் பார்வையிட்டீர்கள். கருவேலங்காட்டில் அன்றைக்கு இடுப்பளவு தண்ணீர். காவலர் இருவருக்கும் இடது கையில் வெட்டுக்காயமாம். எந்த ஊர்ச் செய்தியைப் படித்தாலும் காயம் இடது கையில்தான் இருக்கிறது.

3. இனி நான் சொல்ல வந்தது. போலீசார் அவனை அழைத்துச் சென்ற அந்த வியாழன் இரவு எட்டரை மணிக்கு என் அம்மா ஆறு இட்லியும் சட்னியும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனார். நானும் உடன் போனேன். உள்ளே விடவில்லை. வாசலில் நின்ற காவலர், "கொடுத்துவிட்டுப் போங்கம்மா, சாப்பிடச் சொல்கிறேன்" என்று வாங்கிக்கொண்டார். அதட்டாமல்தான் பேசினார், அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் தலைக்கு மேலே, டியூப் லைட்டுக்குப் பக்கத்தில், கேமரா இருந்தது. தலைமறைவாக இருந்தவனுக்குக் காவல் நிலைய வாசலில் யார் இட்லி வாங்கி வைப்பார்கள், ஐயா? அம்மா வாளியை நீட்டியதையும் அவர் வாங்கியதையும் அந்தக் கேமரா பார்த்திருக்கிறது. எங்களிடம் வேறு சாட்சி இல்லை. டீக்கடைக்காரர் இப்போது எதையும் பார்க்கவில்லை என்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

4. பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை வக்கீல் எனக்குப் படித்துக் காட்டினார். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாசல் முதல் லாக்கப் வரை கேமரா இருக்க வேண்டும். பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்குக் கருவி கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. இதையெல்லாம் கண்காணிக்க மாவட்ட அளவில் ஒரு குழு. அந்தக் குழுவில் மாவட்ட ஆட்சியரும் உறுப்பினர். அதாவது தாங்கள். பதிவுகளைப் பார்த்து மனித உரிமை மீறல் நடந்திருக்கிறதா என்று ஆராய்வது அந்தக் குழுவின் வேலை என்றே தீர்ப்பில் இருக்கிறது. நான் சம்பந்தமில்லாத இடத்தில் வந்து அழவில்லை.

5. ஒன்பது மாதம் போய்விட்டது. ஓராண்டு என்றால் மூன்று மாதம்தான் மிச்சம். சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் 2020 ஜூனில் இறந்த பிறகு விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் கண்டது என்ன? ஹார்ட் டிஸ்க்கில் இடம் தாராளமாக இருந்தும், பதிவுகள் அன்றன்றைக்கே தானாக அழியும்படி கேமரா அமைக்கப்பட்டிருந்தது. இங்கேயும் அப்படித்தானா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அழிந்திருந்தால் அழிந்துவிட்டது என்றாவது எழுதிக் கொடுங்கள்.

6. என் தம்பி யோக்கியன் என்று சான்றிதழ் கேட்டு நான் வரவில்லை. அவன்மீது பைக் திருட்டு வழக்கு ஒன்று, அடிதடி வழக்கு ஒன்று இருந்தன. அதற்காக என் கையாலேயே அவனை அடித்திருக்கிறேன். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கைது செய்யும்போது கொல்ல உரிமை இல்லை என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-ஆம் பிரிவு சொல்கிறது. தற்காப்பு என்றால் அதை விசாரித்துச் சொல்லட்டும். பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த என்கவுன்டர் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த 16 நெறிமுறைகளில், குடும்பத்துக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும், நடுவர் விசாரணை கட்டாயம் நடக்க வேண்டும், வேறு நிலைய அதிகாரிகளோ சி.ஐ.டி.யோ புலனாய்வு செய்ய வேண்டும் என்றெல்லாம் உள்ளது. எங்களுக்குத் தகவல் சொன்னது தொலைக்காட்சி. விசாரணையில் அம்மா தூக்குவாளியைப் பற்றிச் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். அறிக்கை நகல் இன்றுவரை தரவில்லை.

7. எங்கள் தெருவிலேயே அன்று பட்டாசு வெடித்தார்கள், ஐயா. "ஒரு தொல்லை ஒழிந்தது" என்று என் காதுபடச் சொன்னார்கள். ஹைதராபாத்தில் 2019 டிசம்பரில், வழக்கில் பிடிபட்ட நால்வரைச் சுட்டபோது போலீசார்மீது பூத் தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-இல், போலீசார் சொன்ன கதை நம்பத்தக்கதல்ல, அவர்கள் வேண்டுமென்றே சுட்டிருக்கிறார்கள், சுடப்பட்டவர்களில் மூவர் 18 வயது நிரம்பாதவர்கள் என்று சொன்னது. அப்போது யாரும் பூவைத் திரும்பப் பொறுக்கவில்லை.

8. என் நான்கு மனுக்களுக்கும் என்ன நடந்தது தெரியுமா? நான்கும் "உரிய நடவடிக்கைக்காக" அதே காவல் நிலையத்துக்கு அனுப்பப்பட்டன. யார்மீது புகாரோ அவர்களிடமே! மனு விசாரணை என்று என்னைக் கூப்பிட்டார்கள். அதே வாசல், அதே கேமராவின் கீழே பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, "மனுதாரர் திருப்தி அடைந்தார்" என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். நான் போடவில்லை. ஆனாலும் மனு முடித்துவைக்கப்பட்டதாக எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. யார் திருப்தி அடைந்தார்கள்? இந்த மனுவையும் அங்கேயே அனுப்பப் போகிறீர்கள் என்றால் எனக்கு இப்போதே சொல்லிவிடுங்கள், பஸ் காசாவது மிஞ்சும்.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். மறுபடி கேட்கிறேன். அந்த வியாழக்கிழமை மாலை ஐந்து மணி முதல் வெள்ளி காலை ஆறு மணி வரையிலான காவல் நிலைய வாசல் கேமராப் பதிவை, அந்த நிலையத்தைச் சேராத ஒருவரை அனுப்பி, இந்த வாரத்துக்குள் கைப்பற்றி நீதிமன்றத்தில் ஒப்படைக்க உத்தரவிடுங்கள். விசாரணை அறிக்கையின் நகலை அம்மாவுக்குக் கொடுங்கள். பதிவைக் கைப்பற்றுங்கள் ஐயா, மற்றது பிறகு ஆகட்டும்.

9. அந்தத் தூக்குவாளி இன்னும் திரும்பி வரவில்லை. எவர்சில்வர், இரண்டு லிட்டர், அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த சீர். மூடியில் அம்மாவின் பெயரும் ஊரும் புள்ளி எழுத்தில் வெட்டியிருக்கும். காவல் நிலையத்தில் தேடச் சொன்னால் கிடைக்கும். அதையும் மீட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இறந்தவரின் அக்காள்

(அம்மாவின் இடது பெருவிரல் ரேகை கீழே வைக்கப்பட்டுள்ளது)