ஐகர் மலையடியிலிருந்து அப்பாவுக்கு

கிரிண்டல்வால்ட், சுவிஸ்
ஒக்டோபர்

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் சுகமறிய ஆவல்.

போன கிழமை கதைக்கும்போது, "லீவு நாளில் படுத்து ஆறாமல் ஏன் மலையில் திரிகிறாய், விழுந்தால் ஆர் பார்க்கிறது" என்று அப்பா கேட்டீர்கள். லைன் விட்டு விட்டு வந்ததால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. வருகிற ஆடியில் நீங்கள் இரண்டு பேரும் இங்கே வந்து நிற்கப் போகிறீர்கள். அதற்கு முதல் இந்த மலைப்பாதைகள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் எனக்கும் நிம்மதி.

இந்த ஊர் 1,034 மீற்றர் உயரத்தில் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. தெற்கே வெற்றர்ஹோர்ன், மெற்றன்பேர்க், ஐகர் மூன்றும் வரிசையாக நிற்கும். ஐகரின் உயரம் 3,967 மீற்றர். அதன் வடக்குச் சுவர் மட்டுமே ஏறத்தாழ 1,800 மீற்றர், நிமிர்ந்த பாறையும் பனியும். குசினியின் பின்கதவைத் திறந்தால் அதுதான் முதலில் கண்ணில் படும்.

பாதை விசயத்தில் இவர்கள் காட்டுகிற அக்கறையைச் சொல்லத்தான் வேண்டும். சந்திக்குச் சந்தி மஞ்சள் பலகை நிற்கும். அதில் அந்த இடத்தின் பெயர், உயரம், அடுத்த இடத்துக்கு நடந்துபோக எடுக்கிற நேரம் இவைதான் இருக்கும். தூரம் போடமாட்டார்கள். அது சரிதான், ஏற்றத்தில் இரண்டு கிலோமீற்றர் என்பது அரை மணித்தியாலமாகவும் இருக்கலாம், ஒன்றரை மணித்தியாலமாகவும் இருக்கலாம். ஆறுகிற நேரம் அந்தக் கணக்கில் சேராது, அதை நாங்கள்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். வெறும் மஞ்சள் என்றால் ஆரும் நடக்கலாம். பலகையின் முனையில் வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று பூசியிருந்தால் அது மலைப்பாதை. செங்குத்தாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும், பிடிப்புள்ள சப்பாத்து வேண்டும், உயரத்தில் தலைசுற்றுகிற ஆட்கள் போகக்கூடாது. வெள்ளை, நீலம், வெள்ளை என்றால் பனியாறும் கற்சரிவும் கடந்து, கையாலும் பிடித்து ஏறவேண்டிய வழி. கயிறு, பனிக்கோடரி எல்லாம் தேவைப்படலாம். அந்த நீல வழியில் நான் போவதில்லை, அப்பா. போவதானால் வழிகாட்டியோடுதான் போகவேண்டும்.

இந்த மஞ்சள் பலகைகள் 1930களில் தொடங்கியவை. தெருக்களில் கார்கள் கூடக் கூட, நடக்கிற ஆட்களுக்குத் தனிப் பாதை வேண்டும் என்று ஒரு சங்கம் அமைத்தார்கள். 1979 பெப்ரவரி 18ஆம் திகதி நாடு முழுக்க வாக்கெடுத்து, நடைபாதைகளை அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டார்கள். 1985இல் அதற்குச் சட்டமும் வந்தது. ஒரு பாதையை மூடவேண்டி வந்தால், அதற்குப் பதிலாக இன்னொன்று கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. இன்றைக்கு நாடு முழுவதும் 65,000 கிலோமீற்றருக்கு மேல் இப்படிப்பட்ட பாதைகள். எனக்கு இந்த நாட்டில் மிகவும் பிடித்த விசயம் இதுதான். நடக்க நுழைவுச்சீட்டு இல்லை. எங்கள் ஹோட்டலில் தங்கியிருக்கிற பெரிய பணக்காரரும், அவர் சாப்பிட்ட கோப்பையைக் கழுவுகிற நானும் அதே ஒடுக்கப் பாதையில் எதிரெதிரே வருவோம். ஏறி வருகிற ஆளுக்கு இறங்குகிற ஆள் ஒதுங்கி வழிவிடுவார், இரண்டு பேரும் வணக்கம் சொல்லிக்கொள்வோம். மற்ற இடங்களில் எனக்கு அப்படி ஒரு சமநிலை இன்னும் கிடைக்கவில்லை.

நான் அடிக்கடி போவது ஐகர் பாதைக்கு. ஐகர்கிளெற்சர் ரெயில் நிலையத்திலிருந்து அல்பிக்லென் வரை, ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர், இரண்டு மணித்தியாலம். பெரும்பாலும் இறக்கம். வடக்குச் சுவரின் காலடியிலேயே போகும். கழுத்தை நிமிர்த்திப் பார்த்தாலும் உச்சி தெரியாது. தண்ணீர் விழுகிற சத்தமும் இடைக்கிடை மேலே எங்கோ கல் உருளுகிற சத்தமும் கேட்கும். அந்தச் சுவரில் கன பேர் உயிரை விட்டிருக்கிறார்கள். 1938 ஜூலை 24ஆம் திகதிதான் முதன்முதலாக நான்கு பேர் அதை ஏறி முடித்தார்கள்: ஜெர்மனியர்களான ஹெக்மாயர், ஃபேர்க், ஒஸ்திரியர்களான ஹாரர், காஸ்பாரெக். ஆனால் மலையின் உச்சியை அதற்கு எண்பது வருடங்களுக்கு முன்னரே, 1858 ஒகஸ்ட் 11இல், வேறு பக்கத்தால் எட்டிவிட்டார்கள். ஏறியது சார்ள்ஸ் பரிங்டன் என்ற ஐரிஷ்காரர். கூடவே கூட்டிப்போனவர்கள் இந்த ஊர் வழிகாட்டிகளான கிறிஸ்தியன் அல்மரும் பீற்றர் போரனும். புத்தகங்களில் பரிங்டனின் பெயர்தான் முன்னுக்கு நிற்கிறது. வழி கண்டுபிடித்த ஆட்களை இரண்டாவதாகச் சொல்வது எனக்கு ஏற்றுக்கொள்ள முடியாமல் இருக்கிறது.

என் மனதுக்கு நெருக்கமான கதை வேறொன்று. ஐகரின் வடகிழக்கு முகடு மிற்றெலெகி. கத்தி விளிம்பு மாதிரி ஒடுக்கமானது. அதன் வழியாக முதலில் உச்சிக்கு ஏறியது 1921 செப்டெம்பர் 10ஆம் திகதி, யூக்கோ மாக்கி என்ற ஜப்பானிய இளைஞர். அவரோடு கிரிண்டல்வால்ட் வழிகாட்டிகள் பிரிற்ஸ் அமாற்றர், பிரிற்ஸ் ஸ்ரொய்ரி, சாமுவேல் பிராவாண்ட். ஏறிவிட்டு அவர் சும்மா ஊருக்குத் திரும்பவில்லை. பின்னால் வருகிற ஆட்கள் தங்குவதற்கு அந்த முகட்டில் ஒரு குடில் கட்டக் காசு கொடுத்தார். 1924இல் அது கட்டி முடிந்தது. இப்போது அங்கே புதுக் குடில் வந்துவிட்டது. பழைய மரக்குடிலைக் கீழே கொண்டுவந்து ஐகர்கிளெற்சர் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். நான் பாதையில் இறங்கமுதல் அதைப் போய்ப் பார்ப்பேன். அந்தக் காலத்தில் ஆசியாவிலிருந்து வந்த ஒரு ஆள், இந்த மலையில் தன் பெயரோடு மற்ற ஆட்களுக்கு ஒரு கூரையையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவரே 1956இல் நேபாளத்தில் மனாஸ்லுவை முதலில் ஏறிய ஜப்பானியக் குழுவுக்குத் தலைவர்.

கவலையான விசயமும் ஒன்று எழுதவேண்டும். ஃபிங்ஸ்டெக் என்ற இடம்வரை கேபிள் காரில் போய், அங்கிருந்து ஒரு மணித்தியாலம் நடந்தால் பேரெக் குடில். முன்னர் அதற்கு எதிரே பள்ளம் நிறையப் பனியாறு இருந்ததாம். 1850களில் அது பள்ளத்தாக்கின் அடிவரை, ஊருக்குக் கிட்டவே வந்து நின்றது. இன்றைக்குப் பார்த்தால் சாம்பல் நிறக் கற்குவியல்தான். பனி மலைச்சரிவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. அது உருகியதும் சரிவு இளகிவிட்டது. 2005இல் முன்பிருந்த குடில் நின்ற மேடு சரிந்து, அதைக் கைவிட வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் ஜூலையில் எதிரே ஐகரின் கிழக்குப் பக்கத்துப் பாறை பெயர்ந்து விழுந்தது. அதே 2006இல்தான் மேலே இன்னும் உயரத்தில் புதுக் குடில் திறந்தார்கள். இவ்வளவு பெரிய ஒன்று மனிதரின் ஆயுளுக்குள் இல்லாமல் போவதை நினைக்க நெஞ்சு பாரமாகிறது.

சரி, அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். வெளிக்கிட முதல் காலநிலை பார்ப்பேன், பின்னேரம் இடிமுழக்கம் என்று போட்டிருந்தால் விடியவே நடந்து மத்தியானத்துக்கு முதல் கீழே வந்துவிடுவேன். எந்த வழியால் போகிறேன் என்று அறையில் இருக்கிற பொடியனிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன். புல்வெளியில் கன்றோடு மாடு நின்றால் விலத்திச் சுற்றிப் போவேன். விழுந்தால் பார்க்கவும் ஆட்கள் இருக்கிறார்கள்: 1414 என்ற எண்ணுக்கு அடித்தால் ரேகா மீட்புச் சேவை, ஹெலிகொப்டர் வரும். போன் வேலை செய்யாவிட்டால் விசிலோ ரோர்ச்சோ போதும். ஒரு நிமிடத்தில் ஆறு தடவை ஊதி, ஒரு நிமிடம் விட்டு, திரும்ப ஆறு தடவை.

உங்களைக் கூட்டிப்போகிற இடத்தையும் யோசித்து வைத்திருக்கிறேன். மென்லிகென் வரை கேபிள் காரில் போகலாம். அங்கிருந்து கிளைன ஷைடெக் வரை ஒன்றரை மணித்தியாலம், அகலமான பாதை, மெல்லிய இறக்கம்தான். அம்மாவின் முழங்காலுக்கு ஒத்துவரும். ஐகர், மொங்க், யுங்பிராவு மூன்றும் நடக்கிற நேரம் முழுக்க முன்னால் நிற்கும். களைத்தால் கிளைன ஷைடெக்கிலிருந்து ரெயிலில் இறங்கிவிடலாம். அப்பாவுக்குத் தென்பு இருந்தால் இன்னொரு நாள் ஃபிர்ஸ்ட் என்ற இடத்துக்குப் போய் பாக்அல்ப் ஏரிக்கு நடப்போம். போக ஒரு மணித்தியாலமும் ஆகாது. அந்த ஏரி 2,265 மீற்றரில் இருக்கிறது. நீங்கள் இளமையில் ஏறியதாகச் சொல்கிற சிவனொளிபாதமலையின் உச்சி 2,243 மீற்றர்தான். பாக்அல்ப் ஏரிக்கும் மேலே ஃபவுல்ஹோர்ன் என்ற மலையின் உச்சியில் பழைய ஹோட்டல் ஒன்று இருக்கிறது, அதை இந்த முறை விடுவோம். ஆனி நடுப்பகுதி வரையும் மேல் பாதைகளில் பனி கிடக்கும் என்பதால்தான் ஆடியில் வரச் சொன்னேன்.

செருப்போடு இங்கே நடக்க முடியாது. ஊரில் வாங்க வேண்டாம், சீசன் முடிகிற இந்த நாட்களில் இங்கே நல்ல சப்பாத்து மலிவாகப் போடுகிறார்கள். இரண்டு பேரும் பின்னேரத்தில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற நேரம், ஒரு கடதாசியில் பாதத்தை வைத்துக் கோடு கீறி அனுப்புங்கோ. தடித்த காலுறைக்கு இடம் விட்டு நான் அளவு பார்த்து எடுக்கிறேன்.

உங்கள் அன்பு மகன்